ஒரே பக்கத்தில் இரண்டு பொத்தான்கள்

அண்ணி வேலை பார்த்த மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தைக் கணினிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, கேட்ட பிரிவுக்கு இணைத்துவிடும் ஆபரேட்டர்கள் அங்கே அண்ணியையும் சேர்த்து ஆறு பேர். ஆறு பேருக்கும் பார்வை கிடையாது. பழைய பலகையில் பொத்தான்கள் இருந்தன, எது எங்கே என்று விரலுக்குத் தெரியும். புதியதில் எல்லாமே திரையில். திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொன்னால் அவர்கள் அதே நாற்காலியில் தொடரலாம். இல்லையென்றால் தபால் பிரிவுக்கு மாற்றம். தபால் பிரிவில் உறை ஒட்டும் வேலை. உறை ஒட்டவும் இயந்திரம் வந்துவிட்டதால், அங்கே போகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வாசித்துச் சொல்லும் மென்பொருளை விலைக்கு வாங்க மருத்துவமனை தயாராக இல்லை. "வாங்க வேணாம் மேடம். எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள் அண்ணி.

இருந்தது உண்மைதான். அண்ணன் அதைக் கல்யாணத்துக்கு முன்பே எழுத ஆரம்பித்திருந்தான். திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். முகம் தெரியாத பலர் ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அண்ணி அவனுக்கு முதலில் எழுதியதே ஒரு புகார். "உங்கள் மென்பொருள் கமாவில் மூச்சு விடுகிறது, முற்றுப்புள்ளியில் விட மறுக்கிறது. ஆளைக் கொல்லும் வாசிப்பு." அண்ணன் திருத்தினான். அவள் அடுத்த புகாரை அனுப்பினாள். அப்படியே போய்க் கல்யாணத்தில் முடிந்தது. புகார்கள் முடியவில்லை.

அதற்கு உதவிக் குறிப்புகள் எழுதுவது நான். பகலில் ஒரு ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலை. ஆட்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் இரண்டுமே எனக்கு ஒத்துவந்தன.

எங்கள் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இணையதளத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும், மானிட்டரை அணைத்துவிட்டு அந்தப் பக்கத்தை அண்ணி முழுக்கக் கேட்க வேண்டும். அவள் சரி என்றால்தான் வெளியே போகும். பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'இந்தப் பக்கம் திரையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கப்பட்டது.' யார் கேட்டது என்று போடவில்லை. ஆனால் பார்வையற்ற பயனாளர்கள் பலருக்கு அது அண்ணி என்று தெரியும். அந்த வரியைக் கேட்ட பிறகுதான் பொத்தானை அழுத்துவேன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

விளம்பர யோசனை அண்ணனுடையது. எங்கள் தளம் ஒரு கல்லூரி ஓரமாக ஒதுக்கிக் கொடுத்த சர்வரில் இருந்தது. மகா மெதுவானது.

"உங்க ஆபீஸ்ல ஆறு மிஷின்ல இறக்கணும். ஒண்ணு இறங்குறதுக்குள்ள உங்க மேடம் கொட்டாவி விட்டுடுவாங்க" என்றான் அண்ணியிடம். "நல்ல சர்வருக்கு மாத்தணும். பக்கத்துல ஒரே ஒரு விளம்பரம் போட்டா அதுவே செலவைப் பாத்துக்கும்."

"என்ன விளம்பரம்?"

"பெட்டி, செருப்பு, இப்படி ஏதாவது. நாம தேர்ந்தெடுக்கிறது இல்ல. அவங்க ஒரு துண்டு நிரல் குடுப்பாங்க, நாம ஒட்டிட்டா போதும்."

திட்டத்தின் அஞ்சல் குழுவில் இதைச் சொன்னபோது, எண்களுக்கு உச்சரிப்பு எழுதிக் கொடுத்தவர் மட்டும் விளம்பரம் வந்தால் விலகிவிடுவேன் என்று எழுதினார். அவர் ஏற்கெனவே மூன்று முறை விலகியவர். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் துண்டை ஒட்டினான். அவனுடைய கணினியில் நானும் பார்த்தேன். பக்கத்தின் வலது ஓரத்தில் சிறிய பெட்டி, அதில் ஒரு பயணப்பெட்டி. மறுபடி திறந்தால் மழைக்கோட்டு. அடக்கமாகத்தான் இருந்தது.

பிறகு வழக்கம்போல அண்ணியின் மேசைக்குப் போனோம். மானிட்டரை அணைத்தோம். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். தலைப்பு. அறிமுகம். இரண்டாம் தலைப்பு. நான் எழுதிய வரி: 'கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் மென்பொருள் இறங்கும்.' பிறகு, 'பதிவிறக்கு. பொத்தான்.' அடியில், கேட்டுப் பார்க்கப்பட்டது என்ற வரி. முடிந்தது.

"விளம்பரம் எங்க?" என்றாள்.

"அது ஓரமா இருக்கு. உனக்குக் குறுக்க வராது."

"ஓரம்னா எனக்கு என்ன? எனக்கு முன்னாடி, பின்னாடி, ரெண்டுதான்."

"வரலைல்ல? அப்புறம் என்ன?"

"வரலைதான்." அவள் இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். "சத்தமே போடாத விளம்பரம். இதுக்கு எவன் காசு குடுக்குறான்?"

அண்ணன் சிரித்தான். அண்ணி சரி என்றாள். பக்கம் வெளியே போனது. தளம் வேகமான சர்வருக்கு மாறியது.

மேலாளர் முன்னால் செய்துகாட்டும் நாள் வந்தது. கணினிப் பிரிவின் ஆள் வந்து நிறுவித் தருவதாகத்தான் முதலில் ஏற்பாடு. அண்ணி அதை மறுத்துவிட்டாள். இறக்குவதிலிருந்து கடைசிவரை தாங்களே செய்வோம் என்று கேட்டு வாங்கியிருந்தாள். மற்ற ஐந்து பேருக்கும் தொலைபேசியிலேயே பாடம் நடத்தியிருந்தாள். இரண்டாம் தலைப்புக்குத் தாவு, அடுத்து வரும் முதல் பொத்தான், அழுத்து.

"நீயும் வா" என்றாள் என்னிடம்.

"நான் எதுக்கு அண்ணி?"

"உதவிக் குறிப்பு எழுதினவங்கன்னு சொல்லுவேன். யாராவது ஏதாவது கேட்டா பதில் சொல்லு."

"யாரும் கேக்கலைன்னா?"

"உனக்கு யோகம். பேசாம உக்காந்திரு."

ஆபரேட்டர்களின் அறை நீளமாக, இருட்டாக இருந்தது. யாருக்கும் விளக்கு தேவைப்படாததால் யாரும் போடுவதில்லை. நான் கதவோரம் ஒரு நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்தேன். மேலாளர் உள்ளே வந்து சுவிட்சைப் போட்டார்.

"மேடம் வந்துட்டாங்க" என்றது ஒரு குரல். "டக்குனு சத்தம் கேட்டுச்சு."

அவரை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். பழைய பலகையில் அப்போது பணியில் இருந்தவர். அழைப்புகளுக்கு நடுவில் பேசிக்கொண்டே இருப்பார்.

புதிய கணினி ஒன்று சுவரை ஒட்டிய மேசையில் இருந்தது. அண்ணி அதன் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் கணினிப் பிரிவின் ஆள், கழுத்தில் அடையாள அட்டையோடு. அன்றைக்கு மட்டும் நிறுவும் அனுமதியைத் திறந்து வைத்திருந்தார். இருவருடைய முதுகும் மறைத்ததால் எனக்குத் திரை தெரியவில்லை. கணினியோடு கூடவே வரும் அரைகுறைக் குரல் ஒன்று உண்டு. எங்கள் மென்பொருள் இறங்கும்வரை அதை வைத்துச் சமாளிக்க வேண்டும். அதை ஒலிபெருக்கியில் விட்டிருந்தார்கள்.

குரல் எங்கள் தளத்தின் பெயரைச் சொன்னது. அண்ணி விசையைத் தட்டினாள். இரண்டாம் தலைப்பு. மறுபடி தட்டினாள்.

'பதிவிறக்கு. பொத்தான்.'

நான் எழுதிய வரி வரவில்லை. அது எனக்கு உறைத்தபோது அண்ணியின் விரல் அழுத்திவிட்டிருந்தது.

ஏதோ இறங்கியது. நல்ல வேகம். நிறுவட்டுமா என்று கேட்டது. அண்ணி ஆம் என்ற விசையை அழுத்தினாள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அந்த அரைகுறைக் குரல் ஆரம்பித்தது.

'வாழ்த்துகள். உங்கள் கணினியில் முந்நூறு பிழைகள் உள்ளன. உடனே நீக்க இங்கே அழுத்தவும்.'

"முந்நூறா?" என்றார் ரேடியோ. "இப்பத்தானய்யா டப்பாவுல இருந்து எடுத்தாங்க."

யாரோ சிரித்தார்கள். குரல் மறுபடி வாழ்த்துச் சொன்னது. அண்ணி ஒரு விசையை அழுத்தி மூடப் பார்த்தாள். மூடிய இடத்தில் இன்னொன்று திறந்து, அதுவும் வாழ்த்தியது.

"இதுதான் உங்க வீட்டுப் புரோகிராமா?" என்றார் மேலாளர்.

"இல்ல மேடம். இது யாருன்னு எனக்குத் தெரியல."

கணினிப் பிரிவின் ஆள் குனிந்து இணையக் கம்பியைப் பிடுங்கினார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அது பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தது. பழைய பலகையில் அழைப்பு வந்தது. ரேடியோ எடுத்து, எலும்பு முறிவுப் பிரிவுக்கு இணைத்துவிட்டு, அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

"பரவாயில்ல. நல்ல முயற்சி" என்றார் மேலாளர். "மாறுதல் ஆணை அடுத்த வாரம் போடணும். அதுக்குள்ள பாக்கலாம்." போகும்போது விளக்கை அணைத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். முகத்தில் காற்று பட்டால் அவளுக்குப் பிடிக்கும். பாதி வழி போன பிறகு, "உன் வரி வரல. கவனிச்சியா?" என்றாள்.

"கவனிச்சேன்."

"எனக்கும் தெரிஞ்சுச்சு. கை முந்திடுச்சு." கொஞ்சம் கழித்து, "அஞ்சு பேரும் நான் சொன்னேன்னுதான் சரின்னாங்க. ஒருத்தரும் தனியாப் போய் அந்தப் பக்கத்தத் திறந்து பாக்கல. நான் கேட்டுட்டேன்ல, அதனால" என்றாள்.

வீட்டில் அண்ணன் சீக்கிரமே வந்து காத்திருந்தான். நடந்ததை அண்ணி சொன்னதும் கணினியைத் திறந்தான். அண்ணியின் கணினியில் பக்கம் ஒழுங்காக இருந்தது. ஒரே ஒரு பொத்தான். நான் என் கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்தேன். இரண்டாம் தலைப்புக்கு அடியில் பெரிதாக, பச்சையாக ஒரு பெட்டி. பதிவிறக்கு என்று எழுதியிருந்தது. அதன் கீழ் மூலையில் மங்கலான சாம்பல் நிறத்தில், மிகச் சிறியதாக, விளம்பரம் என்று இருந்தது. எங்கள் பொத்தான் அதற்குக் கீழே ஒல்லியாக நின்றது. அகலமான திரையில் ஓரமாகத் தெரிந்த பெட்டி, பக்கத்தின் எழுத்து வரிசையில் தலைப்புக்கும் என் வரிக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

"உன் ஃபோன்ல வருது. இதுல ஏன் வரல?" என்றான் அண்ணன். கேட்டு முடிக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அமைப்புகளைத் திறந்தான். விளம்பரத் தடுப்பான் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு போட்டது?" என்றாள் அண்ணி.

"நான்தான். கல்யாணமான புதுசுல. நீ செய்தி கேக்கும்போது நடுவுல நடுவுல தலைமுடி எண்ணெய் வருதுன்னு திட்டினே. அன்னிக்குப் போட்டேன். மறந்தே போச்சு."

"அப்போ அன்னிக்கு நான் கேட்டது நம்ம பக்கம் இல்ல."

"அதே பக்கம்தான். விளம்பரம் மட்டும்..."

"உங்க பொண்டாட்டிக்குன்னு தனியா ஒரு பக்கம்."

அண்ணன் சட்டையின் கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தான். பிறகு வழிகளைச் சொல்ல ஆரம்பித்தான். பெட்டிக்கு முன்னால் விளம்பரம் ஆரம்பம் என்று ஒரு வரி வாசிக்கவைக்கலாம். பெட்டியையே பக்கத்தின் கடைசிக்குத் தள்ளலாம். இந்தப் பச்சைப் பொத்தானை நிறுத்தச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதலாம்.

"எழுதினா?"

"இதை எடுத்துடுவாங்க."

"அப்புறம்?"

"வேற ஒண்ணு வரும்."

"அது நீலமா இருக்குமா?" என்றாள். "ஏங்க, அந்த இடத்துல நாளைக்கு என்ன வரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்குக் கீழ, கேட்டுப் பாத்துட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

"சர்வர்? மறுபடி அந்த ஆமை சர்வருக்கே போகணும். நான் உனக்காகத்தான் இதெல்லாம்..."

"தெரியும். நீங்க எனக்காகப் பண்ணினது எல்லாமே நல்லாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் நல்லா இருக்கு."

அன்று மாலையே அண்ணன் துண்டு நிரலை எடுத்தான். தளம் பழைய சர்வருக்குத் திரும்பியது. அடியில் இருந்த வரியையும் எடுக்கச் சொன்னாள் அண்ணி. அதை நான் எடுத்தேன். அது இல்லாமல் பக்கம் பாதியில் நின்றதுபோல இருந்தது. அஞ்சல் குழுவில் அண்ணன் நடந்ததை எழுதினான். விலகுவதாகச் சொன்னவர், விலகவில்லை என்று எழுதினார்.

"இப்ப சுத்தம். வந்து கேளு" என்றான் அண்ணன் மறுநாள்.

"இந்த வீட்ல கேக்க மாட்டேன்."

எங்கள் தெருமுனையில் ஒரு நகல் எடுக்கும் கடை இருக்கிறது. வாடகைக்குக் கணினியும் உண்டு. நானும் அண்ணியும் போனோம். கடைக்காரர் நாற்காலியில் இருந்த காகிதக் கட்டை எடுத்துவிட்டு, "டைப் பண்ணணுமா அக்கா?" என்றார்.

"இல்ல. திரையை அணைக்கணும்."

"அணைக்கிறதுக்கா கடைக்கு வந்தீங்க?" அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "சரி, அணைங்க. இதுக்குக் காசு வாங்குறதா வேணாமான்னு நான் யோசிச்சு வைக்கிறேன்."

அண்ணி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். பக்கத்தில் நகல் இயந்திரம் ஓடும்போதெல்லாம் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு கடைக்காரரின் கைபேசியை வாங்கி அதிலும் கேட்டாள். அதற்குள் அவருக்கும் ஆர்வம் வந்து, தன் மனைவியின் கைபேசியையும் உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அதில் எங்கள் பக்கம் திறக்க வெகுநேரம் பிடித்தது. திறந்ததும் என் வரி வந்தது, அதற்குப் பிறகு ஒரே பொத்தான். அண்ணி காசை நீட்டினாள். அவர் கணினிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

வரியை மறுபடி போடலாமா என்று நடந்துவரும்போது கேட்டேன்.

"போடு. 'எங்கள் வீட்டுக்கு வெளியே கேட்டுப் பார்க்கப்பட்டது'ன்னு போடு."

போட்டேன்.

மேலாளரிடம் அண்ணி தனியாகப் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னதாகச் சொன்னாள். தான் கேட்டது ஒன்று, அவர்களுக்கு வந்தது வேறு, சரிபார்க்காமல் உறுதி கொடுத்தது தன் தவறு. மேலாளர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். நீங்கள் யாரும் இனிமேல் எதையும் இறக்க வேண்டாம், தேவையானால் கணினிப் பிரிவே பார்த்துக்கொள்ளும் என்றிருக்கிறார். தேவையா இல்லையா என்பதைச் சொல்லவில்லை.

அண்ணி அங்கிருந்து நேராகக் கணினிப் பிரிவுக்குப் போனாள்.

"சார், அன்னிக்கு நீங்க என் பின்னாடிதான் நின்னீங்க. திரையைப் பாத்துட்டுத்தான் இருந்தீங்க."

"ஆமா."

"அப்ப ஏன் தடுக்கல?"

அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது என்றாள் அண்ணி. "பெரிசா, பச்சையா இருந்துச்சும்மா. அதுதான் பட்டன்னு நானும் நெனச்சேன். நான் உக்காந்திருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருப்பேன்."

"இதை மேடம்கிட்ட சொல்லுவீங்களா?"

"எழுதியெல்லாம் குடுக்க முடியாது."

"எழுத வேணாம் சார். வாயால சொல்லுங்க."

சொன்னாரா, எப்படிச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து, ஆறு கணினிகளிலும் கணினிப் பிரிவு அந்த மென்பொருளை நிறுவலாம் என்று அனுமதி வந்தது. நிறுவி ஓடினால் மாறுதல் ஆணை இல்லை. அந்த அனுமதியில் ஆபரேட்டர்களே நிறுவுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நிறுவும் நாளில் நான் போகவில்லை. ஆய்வகத்தில் மாதிரிகள் வந்திருந்தன. மதியம்வரை பொறுத்துப் பார்த்தேன். அண்ணியின் கைபேசி அணைந்திருந்தது. வேறு வழியில்லாமல் மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்தேன். முன்பின் தெரியாதவர்களை அழைப்பதென்றால் என்ன பேச வேண்டும் என்று முதலில் தாளில் எழுதிக்கொள்வேன். அன்று எழுதவில்லை.

"வணக்கம், மருத்துவமனை. எந்தப் பிரிவு வேணும்?"

ரேடியோவின் குரல். பழைய பலகையின் கடக் கடக் சத்தம் இல்லை. அவருக்குப் பக்கத்தில் எங்கள் மென்பொருள் என் எண்ணைத் தாழ்ந்த குரலில் வாசித்து முடித்தது. முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டது.

அண்ணி வேண்டும் என்றேன். அது பிரிவு இல்லை என்று தோன்றியதால், நான் யார் என்றும் சொன்னேன்.

"அட, நீங்களா! அன்னிக்குக் கதவோரம் உக்காந்திருந்தீங்களே, மூச்சுகூட விடாம." அவர் குரலைத் தாழ்த்தினார். "மொத மிஷினை சார் போட்டுக் குடுத்தாரு, அதுலதான் பேசிட்டு இருக்கேன். மத்ததை நீங்களே போட்டுக்கங்க, எனக்கு வேலை மிச்சம்னு டீ குடிக்கப் போயிட்டாரு. மேடம் வேற கூட்டத்துல இருக்காங்க. இங்க எல்லாரும் இறக்கிட்டு இருக்கோம். காலையிலேருந்து இறங்குது."

அவருக்குப் பின்னால் அரைகுறைக் குரல்கள் பல இடங்களிலிருந்து, ஒன்றுக்கொன்று முன்னும் பின்னுமாகக் கேட்டன. நாற்பத்தொரு சதவீதம். முப்பத்தெட்டு சதவீதம். நாற்பத்தொரு சதவீதம். யாரோ, "உன்னுது என்னை முந்திடுச்சுடா" என்றார். அண்ணியின் குரல், "தட்டாதீங்க, கை வைக்காதீங்க, அது பாட்டுக்கு வரும்" என்றது.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார் ரேடியோ.

"இருக்கேன்."

"நேரமாகும் போல இருக்கே."

பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்றேன்.